விண்டோஸை விட்ட பின் அஞ்சலும் செய்திக்குழுவும்: ஏற்காட்டிலிருந்து ஒரு மதிப்புரை

ஏற்காட்டில் நாகலூர் போகும் சாலையை ஒட்டிய ஒரு காப்பித் தோட்டத்துக்குள் என் வீடு இருக்கிறது. தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். வேலை கொடுக்கும் அச்சகங்கள் கீழே சேலத்தில், பெரும்பாலும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கின்றன. கையெழுத்துப்படி மின்னஞ்சலில் வரும், மெய்ப்பு மின்னஞ்சலில் போகும். பாரம் ஓடத் தொடங்கும் நாளில் மட்டும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போய் நேரில் நிற்பேன். பக்கம் அமைக்க நான் பயன்படுத்துவது லேடெக் மென்பொருள். அதில் சிக்கல் வரும்போது, லேடெக்கை உருவாக்குவதில் பங்கேற்பவர்களே வந்து விடை எழுதிய காம்ப்.டெக்ஸ்ட்.டெக் என்னும் யூஸ்நெட் செய்திக்குழுவை, அதாவது மடல்கள் வழியே நடக்கும் பொது உரையாடல் அரங்கைத்தான் பல ஆண்டுகளாக நாடி வருகிறேன். ஆகவே அஞ்சலும் செய்திக்குழுவும் எனக்கு ஒரே மேசையின் இரண்டு இழுப்பறைகள். ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தேடி வேறு அறைக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

என் கணினி 2016-ஆம் ஆண்டு வாங்கியது. அதில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் தேவை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தூக்கிப் போட மனம் வராததால் லினக்ஸ் மின்ட் 22-க்கு மாறினேன். மாறிய இரண்டு நாளில் மற்ற வேலைகளெல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டன. லேடெக்குக்கு லினக்ஸ் பிறந்த வீடு போன்றது; தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகச் சிரமமின்றி அமைந்தது; எழுத்துருக்களைக் கோப்புறையில் போட்டதும் தென்பட்டன. இரண்டு மாதம் பிடித்தது அஞ்சலுக்கும் செய்திக்குழுவுக்கும் பொருத்தமான ஒரு செயலியைக் கண்டுபிடிப்பதற்குத்தான். அந்த இரண்டு மாத அனுபவம், இதே மாற்றத்தைச் செய்யவிருக்கும் சிலருக்காவது உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் விட்டுவந்தது விண்டோஸ் லைவ் மெயில் 2012. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தொடங்கி வைத்த வழியில் வந்தது அது. அஞ்சலையும் செய்திக்குழுவையும் ஒரே செயலியில் படிக்க முடிவது அந்த வழியின் பெரிய வசதி. அதற்கான ஆதரவு 2017 ஜனவரி 10-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அதன் பிறகும் அதையே வைத்து ஓட்டியது சரியான செயல் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் விண்டோஸ் 10-உடன் வந்த மெயில் செயலி செய்திக்குழுக்களைப் படிக்காது என்பதால் வேறு வழியும் எளிதாகத் தெரியவில்லை. இயங்குதளத்தை மாற்றாமல் இருந்திருந்தாலும் ஒருநாள் இந்தத் தேடலைத் தொடங்கியே ஆகவேண்டியிருந்திருக்கும்.

செய்திக்குழுக்களைப் பார்த்திராத தலைமுறை ஒன்று வந்துவிட்டதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூஸ்நெட் 1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரு மாணவர்களின் யோசனையாகத் தொடங்கியது. ஒரு குழுவில் எழுதப்படும் மடல் ஒரு சேவையகத்திலிருந்து அடுத்ததற்கு நகலாகிப் பரவும். நாம் நமக்கு அருகிலுள்ள சேவையகத்திலிருந்து அவற்றை எடுத்துப் படிப்போம். எடுப்பதற்கான என்என்டிபி நெறிமுறை 1986-இல் வகுக்கப்பட்டது. இடையில் நெடுங்காலம் பலர் கூகுள் குரூப்ஸ் வழியாகவே இவற்றைப் படித்துவந்தார்கள். 2024 பிப்ரவரி 22 முதல் அங்கே யூஸ்நெட்டின் புதிய மடல்கள் வருவதில்லை, எழுதவும் முடியாது. பழையவற்றை மட்டும் தேடிப் பார்க்கலாம். ஆகவே இன்று செய்திக்குழு படிக்க விரும்புபவருக்கு ஒரு சேவையகக் கணக்கும் ஒரு நல்ல செயலியும் அவசியம். எழுத்து மட்டுமே உள்ள குழுக்களுக்கு எடர்னல் செப்டம்பர் என்ற சேவையகம் இலவசமாகக் கணக்குத் தருகிறது. மின்னஞ்சல் வழியே நடக்கும் மடற்குழுக்கள் பலவற்றைச் செய்திக்குழு வடிவில் படிக்க ஜிமேன் என்ற சேவை உதவுகிறது.

மலையில் இருப்பவனுக்கு என்என்டிபி இன்னொரு வகையிலும் அருமையானது. எங்கள் தோட்டத்தில் கம்பிவழி இணைய இணைப்புக் கிடையாது. கைப்பேசி அலையும் வீட்டின் கிழக்குத் திண்ணையில்தான் நிலையாக நிற்கும். மூடுபனி இறங்கி மழை பிடித்துக்கொண்டால் அதுவும் போய்விடும், மின்சாரமும் போகும். உலாவியில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து படிப்பது இங்கே நடவாத காரியம். ஐந்து நிமிடம் இணைப்பு இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கிக்கொண்டு, நாள் முழுவதும் இணைப்பில்லாமல் படித்து, பதில்களை எழுதி வரிசையில் நிறுத்தி, அடுத்த ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட வேண்டும். இதைச் செய்யாத செயலி வேறெதில் சிறந்திருந்தாலும் எனக்கு உதவாது. தமிழ் சிதையாமல் வரவேண்டும், பழைய மடல்கள் கூடவே வரவேண்டும் என்பவை மற்ற இரு நிபந்தனைகள்.

கேடிஈ என்ற லினக்ஸ் மென்பொருள் குடும்பத்தின் அஞ்சல் செயலியான கேமெயிலை முதலில் எண்ணினேன். அதன் துணையாக முன்பு இருந்த கேநோட் என்ற செய்திக்குழுச் செயலி புதிய தலைமுறைக்குக் கொண்டுவரப்படாததால் அதை அத்துடன் விட்டேன். எவல்யூஷன் செய்திக்குழுக்களைப் படிக்கும். ஆனால் நாள்காட்டி, பணிப் பட்டியல், முகவரிப் புத்தகம் என்று அலுவலகம் முழுவதையும் தூக்கிக்கொண்டு வரும் செயலி அது. நிறுவனச் சேவையகத்தோடு இணைந்து வேலை செய்பவர்களுக்குப் பொருந்தும், என் தேவைக்கு மிகுதி. எஸ்எல்ஆர்என், கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையான முனையத்துக்குள் இயங்கும் செய்திக்குழுச் செயலி. மடல்களை முன்கூட்டி இறக்கிவைக்க அதற்குத் துணைக் கருவியும் உண்டு. வேகத்தில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் முனையம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்குவது. கொம்பும் காலும் சேர்ந்து ஒரு எழுத்தாகும் தமிழுக்கு அந்தக் கட்டம் பொருந்துவதில்லை. இந்திய மொழிகளைச் சரியாகக் காட்டும் எம்எல்டெர்ம் போன்ற ஒரு சில முனையங்களில்தான் அதைத் தமிழுக்குப் பயன்படுத்த முடியும்.

பான் செயலியைப் பற்றி இதைவிடக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்திக்குழு மட்டுமே படிப்பவருக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். அது செய்திக்குழுவுக்கென்றே எழுதப்பட்டது. ஒவ்வொரு மடலுக்கும் மதிப்பெண் இடும் முறை அதன் உயிர். ஒருவரின் பெயருக்கோ தலைப்பில் வரும் ஒரு சொல்லுக்கோ கூட்டியும் குறைத்தும் மதிப்பெண் வைக்கலாம். 9999 பெற்ற இழை, அதாவது ஒரு மடலும் அதற்கு வந்த பதில்களும், கண்காணிக்கப்படும், கழித்தல் 9999 பெற்றது கண்ணிலேயே படாது. விளம்பரக் குப்பை நிறைந்த குழுவில் இந்த ஏற்பாடு ஒரு நல்ல முறத்தைப் போல வேலை செய்கிறது. மேலும் நாம் பதில் எழுதி அனுப்பும் நேரத்தில் அது மரியாதை கற்பிக்கும் பெரியவராகவும் மாறும்: வரி மிக நீளமாக இருந்தால் சொல்லும், பிறர் எழுதியதை முழுதாக மேற்கோள் காட்டிவிட்டு நாம் ஓரிரு வரி மட்டும் எழுதியிருந்தால் சொல்லும், பதிலை மேலே வைத்து மேற்கோளைக் கீழே தள்ளியிருந்தாலும் சொல்லும். செய்திக்குழுக்களின் பழைய நாகரிகம் இந்தச் செயலிக்குள் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதை ஏற்காமல் போனதற்கு ஒரே காரணம், அதில் வரும் அஞ்சலைப் படிக்க முடியாது என்பதுதான்.

மூன்று வாரம் முழுமையாக வைத்துப் பார்த்தது கிளாஸ் மெயில். சில்ஃபீட் என்ற ஜப்பானியச் செயலியிலிருந்து கிளைத்து வளர்ந்தது இது. அஞ்சலும் செய்திக்குழுவும் இரண்டும் உண்டு. பழைய கணினியிலும் சொடுக்கிய உடனே திறக்கும். ஒவ்வொரு மடலையும் தனிக் கோப்பாக எம்எச் என்ற எளிய முறையில் சேமிக்கிறது. நாளை அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் மடல்களை எந்தக் கருவியாலும் திறந்து படிக்கலாம். வடிகட்டும் விதிகள் மிக விரிவானவை, மதிப்பெண் இடவும் செய்யலாம். தமிழ் எழுத்துகள் ஒழுங்காகத் தெரிகின்றன. எளிய உரையில் மட்டுமே எழுதுவேன் என்று உறுதியாக நிற்கும் செயலி இது. செய்திக்குழுவுக்கு அதுதான் முறை, எனக்கும் அதுவே பிடிக்கும்.

என் தொழில்தான் இதற்கு இடம் கொடுக்கவில்லை. அச்சகத்திலிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் வரும் திருத்தங்கள் சிவப்பு வண்ணத்திலும் அடிக்கோட்டிலும் வருகின்றன. அவற்றைப் பார்க்கச் செருகுநிரல் உண்டு. ஆனால் அதே வண்ணத்தோடு பதில் எழுதி அனுப்ப முடியாது. "நீங்க போட்ட சிவப்பெல்லாம் எங்கே போச்சுங்க? எது திருத்தம், எது பழசுன்னு தெரியலீங்களே" என்று அச்சகக்காரர் தொலைபேசியில் கேட்டபோது அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஜிமெயில் கணக்கை ஓஆத் என்ற நுழைவு அனுமதி முறையில் இணைப்பதற்குப் பயனரே கூகுளிடம் சென்று தனக்கென ஓர் அடையாள எண்ணை உருவாக்கிக்கொண்டு வரவேண்டும் என்பதும் கிளாஸ் மெயிலில் உள்ள ஒரு தடை. செயலியில் குறை இருப்பதால் வந்ததல்ல இது. பெரிய சேவைகளின் வாயிற்காவல் கடுமையானதன் விளைவு. ஆனாலும் கணினி நுட்பத்தில் பழக்கமில்லாத ஒருவரிடம் இதைச் செய்யச் சொல்ல முடியாது. ஜிமெயில் தேவையில்லாத, எளிய உரையே போதுமான ஒருவருக்கு கிளாஸ் மெயில்தான் லினக்ஸில் மிகச் சிறந்தது என்பது என் கருத்து. அதை விட்டு வந்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

கடைசியில் வந்து நின்றது தண்டர்பேர்டில். லினக்ஸ் மின்ட்டில் அது முதலிலேயே நிறுவப்பட்டுத்தான் வருகிறது. இரண்டு மாதம் சுற்றிவிட்டு வீட்டு வாசலிலேயே இருந்ததைக் கண்டடைந்தேன் என்றாலும், சுற்றியது வீண் என்று நான் நினைக்கவில்லை. மற்றவற்றில் எது நல்லது என்று தெரிந்த பிறகுதான் இதில் எதை எப்படி மாற்ற வேண்டும் என்பது புரிந்தது. மாற்றாமல் வைத்தால் தண்டர்பேர்ட் எனக்கு உகந்த செயலி அல்ல. தண்டர்பேர்டின் முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. மொசில்லா அறக்கட்டளையின் கீழ் 2020 முதல் தனியொரு நிறுவனமாக அதன் பணி நடக்கிறது. செலவு பெரும்பாலும் பயனர்கள் தரும் நன்கொடையில் ஓடுகிறது. 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பில் தோற்றம் பெரிதும் மாற்றப்பட்டது. மடல்களை அட்டை அட்டையாகக் காட்டும் புதிய பார்வை அஞ்சலுக்கு நன்றாக இருக்கிறது. செய்திக்குழுவுக்குப் பழைய அட்டவணைப் பார்வையே சிறந்தது. இழை எங்கே கிளைக்கிறது என்பது அதில்தான் ஒரே பார்வையில் தெரியும்.

ஜிமெயில் கணக்கு கூகுளின் நுழைவுப் பக்கம் வழியாகவே இணைந்துவிட்டது. வேறு எண் எதுவும் கேட்கவில்லை. செய்திக்குழுக் கணக்கைச் சேர்க்கும் இடம் சற்று உள்ளே ஒளிந்திருக்கிறது. கணக்கு அமைப்புகளில் அடியில் உள்ள பட்டியலில்தான் அது இருக்கிறது, புதிதாக வருபவர் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சேவையகத்தின் பெயரைக் கொடுத்து, பாதுகாப்பான இணைப்பைத் தேர்ந்து, துறை எண்ணை (போர்ட்) 563 என்று வைக்க வேண்டும். எடர்னல் செப்டம்பர் போலக் கடவுச்சொல் கேட்கும் சேவையகமாக இருந்தால் "இணையும்போதெல்லாம் அடையாளம் கேள்" என்ற பொருளில் உள்ள கட்டத்தையும் குறிக்க வேண்டும். இதைக் குறிக்காமல் குழுப் பட்டியல் வரவில்லையே என்று ஒரு மாலை முழுவதும் தவித்தேன்.

இணைப்பில்லாமல் படிக்கும் வசதியில்தான் தண்டர்பேர்ட் என் நம்பிக்கையைப் பெற்றது. ஒவ்வொரு குழுவையும் இணைப்பின்றிப் படிப்பதற்கு உரியதாகக் குறித்து வைத்துவிட்டால், கோப்புப் பட்டியலில் உள்ள இறக்கி ஒத்திசைக்கும் கட்டளை அஞ்சல், செய்திக்குழு இரண்டையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, விரும்பினால் அப்படியே இணைப்பைத் துண்டித்த நிலைக்கும் போய்விடும். காலையில் காப்பியோடு கிழக்குத் திண்ணையில் உட்கார்ந்து இதை ஒருமுறை செய்தால் போதும். பிறகு மடிக்கணினியை உள்ளே எடுத்துப் போய், மின்சாரம் போனாலும் மின்கலம் தாங்கும்வரை படிக்கலாம். எழுதிய பதில்கள் வெளிச்செல்லும் பெட்டியில் காத்திருக்கும். மீண்டும் இணையும்போது அவற்றை அனுப்பலாமா என்று அதுவே கேட்கும். குழுவில் புதிதாகச் சேரும்போது 500 மடல்களுக்கு மேல் இருந்தால் எத்தனையை இறக்குவது என்று முதலில் கேட்டு நிற்பதும் எங்களைப் போலச் சிறு இணைப்பில் வாழ்பவர்களுக்கு மிகப் பெரிய உபகாரம்.

தமிழின் பக்கம் வருவோம். அஞ்சலின் தலைப்பு வரியில் தமிழ் நேரடியாகப் போவதில்லை. அடிப்படை ஆங்கில எழுத்துகளாகக் குறியாக்கம் செய்யப்பட்டுத் துண்டு துண்டாகப் போகிறது. ஒரு துண்டு 75 குறிகளுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுத்துக்கொள்வதால், வழக்கமான பேஸ்64 குறியாக்கத்தில் ஒரு துண்டுக்குள் 15 குறியீடுகள்தான் அடங்கும். "மெய்ப்பு" என்ற ஒரு சொல்லுக்கே 8 குறியீடுகள் வேண்டும் என்றால், நம் தலைப்புகள் எத்தனை துண்டாகப் போகின்றன என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஓர் எழுத்தின் நடுவே துண்டு போடக்கூடாது என்றும் விதி இருக்கிறது. அதை மதிக்காமல் எழுதப்பட்ட செயலிகள் அனுப்பும் தமிழ்த் தலைப்புகளின் நடுவில் கேள்விக்குறியும் கருப்புக் கட்டமும் முளைப்பது இதனால்தான். தண்டர்பேர்டிலிருந்து நான் அனுப்பிய நீண்ட தமிழ்த் தலைப்புகளை மூலக் குறியீட்டில் திறந்து பார்த்தேன். ஓரிடத்திலும் எழுத்து உடையவில்லை. கிளாஸ் மெயிலும் இதில் குறை வைக்கவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மடலின் உள்ளே தமிழ் அழகாகத் தெரிவதற்கு ஒரு சிறு திருத்தம் தேவைப்பட்டது. எளிய உரை மடல்களை ஒரே அகல எழுத்துருவில் காட்டுவது தண்டர்பேர்டின் இயல்பு. ஆங்கில நிரல் வரிகளுக்கு அது சரி. தமிழில் அப்படிப்பட்ட நல்ல எழுத்துரு அரிது என்பதால் எழுத்துகள் இடைவெளி கோணி நிற்கும். அமைப்புகளில் எழுத்துருவுக்கான பகுதியில் தமிழுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. அங்கே நோட்டோ சான்ஸ் தமிழைத் தேர்ந்து, அளவை இரண்டு புள்ளி கூட்டி, எளிய உரைக்கு ஒரே அகல எழுத்துரு வேண்டும் என்ற குறியையும் எடுத்துவிட்டேன். இதனால் லேடெக் நிரல் வரிகளின் ஒழுங்கு சற்றுக் கலையும் என்பது உண்மை. ஆயினும் நாளெல்லாம் தமிழ் படிக்கும் கண்ணுக்கு இந்தப் பக்கமே ஆறுதல். அறுபதைக் கடந்த ஒருவர் தன் தாய்மொழியைக் கண் இடுக்காமல் படிப்பது ஒரு செயலியை மதிப்பிடுவதற்கு முதன்மையான அளவுகோல் என்றே நான் கருதுகிறேன்.

தேடுதலில் ஒரு நுட்பத்தைக் கற்றேன். மடற்பட்டியலின் மேலுள்ள விரைவு வடிகட்டியில் "நூல்" என்று தட்டினால் "நூலின்", "நூலை", "நூலுக்கு" என்று வரும் தலைப்புகள் அகப்படா. கணினிக்கு அந்தச் சொல்லின் கடைசியில் புள்ளி ஒரு தனிக் குறியீடு. வேற்றுமை உருபு ஏறும்போது புள்ளி போய் உயிர்க்குறி வந்துவிடுகிறது. ஆகவே புள்ளியை விட்டு "நூல" என்று தட்ட வேண்டும்; எல்லா வடிவங்களும் வந்து நிற்கும். தமிழில் மடல் வைத்திருப்பவர் எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும் இது பயன்படும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். செய்திக்குழுவில் மதிப்பெண் இடும் முறை தண்டர்பேர்டில் இல்லை. வடிகட்டிகள் உண்டு, ஆனால் அவை அனுப்பியவர், தலைப்பு போன்ற மேல்விவரங்களை மட்டுமே பார்க்கும். மடலின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. பானின் முறத்தைக் கையில் பிடித்தவருக்கு இது பெரிய இழப்பாகத் தெரியும். அதற்கு ஈடாக ஒற்றை விசைகள் உதவுகின்றன: கே (K) என்ற விசை வேண்டாத இழையை முழுதாகப் புறக்கணிக்கும், டபிள்யூ (W) விசை வேண்டியதைக் கண்காணிக்கும், என் (N) என்ற விசை படிக்காத அடுத்த மடலுக்குக் கொண்டுபோகும். வாரத்தில் ஓரிரு குழுக்களை மட்டும் ஆழ்ந்து படிக்கும் எனக்கு இவை போதுமானவை. ஐம்பது குழுக்களை மேய்பவருக்குப் போதா.

மடல் எழுதும்போது வண்ணமும் வடிவமும் உள்ள முறையே அதன் முதல் தேர்வு. அப்படியே செய்திக்குழுவுக்கு அனுப்பினால் அங்குள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள், அது நியாயமே. நல்ல வேளையாக இந்தத் தேர்வை ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். செய்திக்குழுக் கணக்கில் எளிய உரை, மேற்கோளுக்குக் கீழே பதில்; அச்சகத்தோடு பேசும் கணக்கில் வண்ணம். ஒரே செயலி இரண்டு ஊர் வழக்கத்தையும் அறிந்து நடப்பது போன்ற இந்த ஏற்பாடுதான் கிளாஸ் மெயிலை விட இதை எனக்கு ஏற்றதாக்கியது.

சேமிக்கும் முறையில் கிளாஸ் மெயிலின் எளிமை இதில் இல்லை. ஒரு கோப்புறையின் மடல்கள் எல்லாம் எம்பாக்ஸ் என்ற ஒரே நீண்ட கோப்பாகச் சேர்கின்றன. அழித்த மடலும் அந்தக் கோப்பைச் சுருக்கும் வரை உள்ளேயே கிடக்கும். பெரிய இணைப்புக் கோப்புகளோடு மெய்ப்புகள் வந்து போகும் என் போன்றவர்கள் அவ்வப்போது சுருக்கும் கட்டளையைக் கொடுத்து வருவது நல்லது. கைப்பேசியில் 2024 அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்டுத் தண்டர்பேர்ட் அஞ்சலை மட்டுமே பார்க்கும், செய்திக்குழு அதில் கிடையாது.

பழைய மடல்களைக் கொண்டுவந்ததைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் பலரும் அஞ்சுவது இதற்குத்தான். விண்டோஸ் லைவ் மெயில் ஒவ்வொரு மடலையும் இஎம்எல் என்ற தனிக் கோப்பாக வைத்திருக்கும். விண்டோஸை அழிப்பதற்கு முன் அந்தக் கோப்புறை முழுவதையும் ஒரு வெளிவட்டில் நகலெடுத்துவிட வேண்டும். பிறகு தண்டர்பேர்டில் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற துணைநிரலை நிறுவி, கோப்புறையைச் சுட்டினால் உள்கோப்புறைகளோடு சேர்த்து உள்ளே எடுத்துக்கொள்கிறது. என்னிடம் பதினான்காயிரத்துக்கும் மேல் மடல்கள் இருந்தன. இரவு விட்டுவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன.

எல்லாம் என்று சொன்னாலும், 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த தமிழ் மடல்கள் படிக்கும்படி இல்லை. யூனிகோட் பரவுவதற்கு முன் நாங்கள் தமிழை திஸ்கி என்ற குறியாக்கத்தில் எழுதி வந்தோம். அதற்குரிய எழுத்துருவை நிறுவி, கணினியை ஏமாற்றித்தான் படிப்போம். அந்த மடல்கள் இன்றைய செயலிகளில் கொக்கியும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகின்றன. தண்டர்பேர்டின் குறியாக்கப் பட்டியலில் திஸ்கி இல்லை. ஆனால் லினக்ஸுக்கு மாறியதால் கிடைத்த எதிர்பாராத நன்மை இதில்தான் இருந்தது: லினக்ஸோடு வரும் ஐகான்வ் என்ற கட்டளை திஸ்கியை அறியும். மடலின் உரையைத் தனிக் கோப்பாகச் சேமித்து, திஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8-க்கு மாற்றச் சொன்னால் ஒரு நொடியில் தமிழ் வந்து நிற்கிறது. விண்டோஸில் இருந்தவரை இதற்காகவே ஒரு தனி மாற்றியைத் தேடி நிறுவ வேண்டியிருந்தது. என் முதல் புத்தகத்தின் மெய்ப்பைத் திருத்தி எனக்கு வழிகாட்டிய, இப்போது நம்மிடையே இல்லாத ஒரு பெரியவரின் மடல்கள் அப்படி மாறித் திரையில் தெரிந்தபோது நெடுநேரம் அடுத்த வேலைக்குப் போகவில்லை.

கோட்டட்-பிரிண்டபிள் என்ற அஞ்சல் குறியாக்கத்தில் வந்த மடல்களை முதலில் அந்தக் குறியாக்கத்திலிருந்து விடுவித்துவிட்டுப் பிறகே ஐகான்வுக்குக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது மாற்றுவதற்கு எதுவும் இராது. இவ்வகையில் இன்னும் அறுநூறு மடல்கள் மிச்சம் இருக்கின்றன. மழைக்காலம் முடிவதற்குள் நாளுக்குப் பத்தாக மாற்றி வருகிறேன். தண்டர்பேர்டின் சுயவிவரக் கோப்புறை முழுவதையும், செயலியை மூடிவிட்டு, ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் அஸ்தம்பட்டியில் உள்ள என் தங்கை வீட்டில் ஒரு பிரதி வைத்துவிட்டு வருகிறேன்.